கொழும்போ யாழ்ப்பாணமோ: சட்டம் படிக்கப் போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு

ஏ.எல் றிசல்ட் வந்த கிழமை எனக்கு வருகிற அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, மகளுக்கு நல்ல றிசல்ட், லோ செய்யப் போறன் எண்டு நிக்கிறா. கொழும்பு நல்லதோ, யாழ்ப்பாணம் நல்லதோ?" நான் கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்றங்களுக்குப் போய் வருகிற ஒரு சாதாரண சட்டத்தரணி. இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லி ஃபோனை வைத்த காலமும் இருந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் எது நல்லது என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு முன்னால் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பதில் கிடைத்தால் கடைசிக் கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடும்.

முதலில் கணக்கை வாலில் இருந்து தொடங்குங்கள். கறுப்புக் கோட் போட்டு நீதவானுக்கு முன்னால் எழும்பி நிற்க வேண்டும் என்றால், இலங்கையில் அதற்கு ஒரே வாசல்தான். கொழும்பு புதுக்கடையில் இருக்கிற இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும், ஆறு மாதம் ஒரு சீனியரிடம் பயிற்சி செய்ய வேண்டும், அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். எந்தப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி என்ற சட்டப் பட்டம் எடுத்தாலும், வகுப்பில் முதலாவதாக வந்தாலும், இந்த வாசலுக்குள்ளால் போகாமல் நீங்கள் சட்டத்தரணி இல்லை. சட்டப் பட்டதாரி மட்டும்தான். பட்டமளிப்பு விழாப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அடுத்த கிழமையே "காணி வழக்கு ஒண்டு இருக்கு, நீ பேசலாம்தானே" என்று பிள்ளையிடம் கேட்ட ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். பிழை அவருடையது இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றுங்கள்: புதுக்கடை வாசலுக்கு நான் எந்தப் பாதையால் போகப் போகிறேன்? அந்தப் பாதையில் எத்தனை வருடம், எந்த மொழி, மாதம் எவ்வளவு காசு?

பாதைகள் இவைதான். அரச பல்கலைக்கழகத்தில் நான்கு வருட எல்.எல்.பி. இது கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் இருக்கிறது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக, ஏ.எல் பெறுபேற்றில் இருந்து கணக்கிடுகிற இசட் புள்ளியில் எடுபட வேண்டும், படிப்புக்குக் காசு இல்லை. இரண்டாவது, பல்கலைக்கழகம் போகாமல் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதி நேரே உள்ளே போவது. அங்கே மூன்று வருடப் படிப்பு, கட்டணம் உண்டு. மூன்றாவது திறந்த பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே எல்.எல்.பி படிக்கலாம். நான்காவது காசு கட்டிப் படிக்கிற இடங்கள்: இரத்மலானையில் உள்ள கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகம் (படையில் சேராத பிள்ளைகளையும் காசுக்கு எடுக்கிறார்கள்), அப்புறம் லண்டன் பல்கலைக்கழகம் போன்ற வெளிநாட்டுப் பட்டங்களைக் கொழும்பில் இருந்தபடி படிப்பிக்கிற தனியார் நிறுவனங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன், வருடா வருடம் யாரோ ஒருவர் கேட்கிறார். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம்தான், ஆனால் அங்கே பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம். சட்டம் இல்லை. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆனது, அங்கேயும் சட்டம் இல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தால் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும்.

சரி, இசட் புள்ளி. அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக என்று ஒரு பொது முறை இருக்கிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அடங்கும். இங்கே மாவட்டம் என்பது நிர்வாக மாவட்டம். தேர்தலில் வன்னி மாவட்டம் என்று ஒன்று இருப்பதையும், கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்குப் போடுவதையும் இதற்குள் கொண்டுவந்து குழம்ப வேண்டாம். யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் போய் ஏ.எல் படித்த வன்னிப் பிள்ளைகள் மட்டும், தாங்கள் எந்த மாவட்டக் கணக்கில் வருகிறோம் என்பதை ஆணைக்குழுவின் அந்த வருட அனுமதிக் கைந்நூலைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். ரியூசன் சேர் சொன்னார் என்று விட்டுவிடக் கூடாத விஷயம் இது.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு எழுதுகிற இடத்தில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். நீங்கள் எழுதிய ஒழுங்கில், உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய முதலாவது இடம் உங்களுக்கு வரும். அதனால் கொழும்பை "சும்மா ஒரு மதிப்புக்கு" முதலாவதாகப் போட்டுவிட்டு, அது கிடைத்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு மாற முடியுமா என்று அலையாதீர்கள். கொழும்பு சட்டபீடத்தின் வெட்டுப்புள்ளி வழக்கமாக உயரம், அதனால் அதுதான் திறம் என்று ஊரில் ஒரு எண்ணம். வெட்டுப்புள்ளி உயர்ந்தது என்றால் அந்த இடத்தை நிறையப் பேர் விரும்பினார்கள் என்றுதான் அர்த்தம், உங்களுக்கு அது பொருந்துமா என்பது வேறு கதை.

என்னுடைய கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஆலோசனைக்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எனக்கு முதல் தடவை இசட் புள்ளி காணாது. அந்த வெட்கத்தில், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்து, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த காசில் முற்பணம் கட்டினேன். வரவேற்பில் இருந்தவர் ஆங்கிலத்தில் சொன்னதில் பாதி விளங்கவில்லை, விளங்காததை ஒத்துக்கொள்ளவும் மனமில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மூன்று மாதம் கழிந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் படிப்பை முடித்தாலும் நுழைவுப் பரீட்சை எழுதித்தான் சட்டக் கல்லூரிக்குள் போகலாம் என்று. நேரே எழுதியிருக்கக்கூடிய பரீட்சைக்கு, சுற்றுப் பாதையில் காசு கட்டிப் போயிருக்கிறேன். முற்பணம் திரும்பி வரவில்லை. ஒரு வருடம் போனது. பிறகு ஊருக்கு வந்து இரண்டாவது தடவையில் நுழைவுப் பரீட்சை பாஸ் பண்ணினேன். சங்கிலியை மீட்டது சத்தியப்பிரமாணம் எடுத்துப் பிறகு பல மாதம் போய்த்தான்.

ஆகவே தனியார் இடம் எதுவாக இருந்தாலும், காசு கட்ட முன்னர் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்த நிறுவனத்திடம் கேட்காதீர்கள், சட்டக் கல்லூரியிடம் கேளுங்கள்: இந்தப் பட்டத்தோடு வந்தால் என்னை எந்த வருடத்தில் எடுப்பீர்கள், நுழைவுப் பரீட்சை உண்டா, என்னென்ன பாடத்துக்கு விலக்கு? பதிலை எழுத்தில் எடுங்கள். விதிகள் இடைக்கிடை மாறும், நாலு வருடத்துக்கு முன்னர் உங்கள் மச்சாள் போன விதி இன்றைக்கு இருக்க வேண்டும் என்றில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பட்டதாரிகள் நுழைவுப் பரீட்சை இல்லாமல் போவது வழமை, பாட விலக்கும் கிடைக்கும், அந்த விவரத்தையும் நீங்கள் சேருகிற வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான மலை.

மூன்று அரச பல்கலைக்கழகங்களிலும் சட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். "யாழ்ப்பாணம் எண்டா தமிழில படிக்கலாம்" என்று நம்பிப் போன பிள்ளைகள் முதல் மாதமே வீட்டுக்கு அழுதுகொண்டு ஃபோன் எடுத்திருக்கிறார்கள். முதல் வருடம் தீர்ப்புகளை வாசிக்கத் தருவார்கள், நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலம், ஒரு வசனம் அரைப் பக்கம் போகும். மல்லாவியிலும் விசுவமடுவிலும் ஆங்கில ஆசிரியர் இல்லாத வருடங்களைத் தாண்டி வந்த பிள்ளைக்கு அது இலேசு இல்லை. ஆனால் முடியாததும் இல்லை. எனக்குத் தெரிந்த கெட்டிக்காரச் சட்டத்தரணிகளில் இரண்டு பேர் முதல் செமஸ்டரில் ஒரு பாடம் கூட ஒழுங்காகச் செய்யாதவர்கள். ஏ.எல் எழுதி முடித்து, பல்கலைக்கழகம் தொடங்கும் வரைக்கும் மாதக்கணக்கில் ஒரு இடைவெளி வருமே, அதை ஆங்கிலத்துக்குக் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாம் வருடத்திலேயே தெரிகிறது.

சட்டக் கல்லூரியில் நிலைமை வேறு. அங்கே தமிழில் பரீட்சை எழுதலாம், நானும் அப்படித்தான் எழுதினேன். இடையில் 2020 டிசம்பரில் ஒரு வர்த்தமானி வந்தது, இனிமேல் ஆங்கிலத்தில் மட்டும்தான் என்று. பெரிய இழுபறி, வன்னிப் பிள்ளைகளோடு சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் சேர்ந்தே பாதிக்கப்படுகிற விஷயம். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தமிழில் எழுதலாம் என்பதை மட்டுமே நம்பி ஒரு பாதையைத் தெரிவு செய்யாதீர்கள், அந்தக் கதவை மூட ஒருமுறை பார்த்தார்கள், இன்னொருமுறை பார்க்க மாட்டார்கள் என்று யாரும் எழுதித் தரவில்லை. தமிழில் படித்து வந்ததால் எனக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு குறையும் இல்லை, அரசியலமைப்பின்படியே வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ்தான். மேன்முறையீட்டுக்கு ஒரு வழக்கு கொழும்புக்குப் போனால் மட்டும் நான் இன்னொருவருக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அது உறுத்துகிறது, மறைக்கவில்லை.

சிங்களத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். வன்னியில் பொலிஸ், வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்களம் என்று நீங்கள் முட்டுப்படப் போகிற இடங்களில் கடிதமும் பேச்சும் பெரும்பாலும் சிங்களம். நாலு வருடம் கொழும்பிலோ பேராதனையிலோ இருந்தால் சாப்பாட்டுக் கடையிலேயே பாதி பழகிவிடும், யாழ்ப்பாணத்தில் இருந்தால் நீங்களாகத் தேடிப் படிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே கொழும்புக்குப் போகச் சொல்லி நான் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காசு. படிப்பு இலவசம் என்பது உண்மை, இருப்பது இலவசம் இல்லை. ஒரு கொப்பி எடுத்து எழுதுங்கள்: போடிங் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு வந்து போக பஸ் காசு, போட்டோகொப்பி (சட்டம் படிக்கிறவர்களுக்கு இது ஒரு தனிச் செலவு, சிரிக்காதீர்கள்), ஃபோன் டேட்டா. மஹாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவி கிடைத்தால் அதைக் கழியுங்கள், ஆனால் அது மாதம் தவறாமல் வரும் என்று நினைத்து வாடகைக்கு ஒதுக்காதீர்கள். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் எழுபது கிலோமீற்றருக்குள்தான், அவசரம் என்றால் காலையில் போய் இரவு வந்துவிடலாம், சிலர் தினமும் போய் வருகிறார்கள், நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், நூலகத்தில் இருக்க வேண்டிய நேரம் ஏ9 வீதியில் போகும். கொழும்பு என்றால் இரவு பஸ், அல்லது ரெயில், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். முள்ளியவளையில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ போகிற பிள்ளைக்கு அந்த பஸ்ஸைப் பிடிக்கவே ஒரு பயணம்.

எல்லோரும் மறக்கிற செலவு கடைசியில் இருக்கிறது. பட்டம் முடிந்த பிறகு சட்டக் கல்லூரிக் காலத்தில் எப்படியும் கொழும்போடுதான் தொடர்பு, அதற்குக் கட்டணமும் உண்டு. அப்புறம் பயிற்சி ஆறு மாதம், அதன் பிறகு ஜூனியராக ஒரு சீனியருக்குப் பின்னால் நிற்கிற காலம், அதில் வருமானம் பஸ் காசுக்கும் தேநீருக்கும் காணும். பள்ளித் தோழன் அரச வேலைக்குப் போய் மோட்டார் சைக்கிள் எடுத்திருப்பான், நீங்கள் அப்போதும் அப்பாவிடம் காசு கேட்பீர்கள். ஆகவே நாலு வருடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள், ஏழு வருடத்துக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் கொழும்பு போடிங் நாலு வருடமும் சேர்ந்தால் கடைசி மூன்று வருடத்துக்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தால், யாழ்ப்பாணத்தைப் போடுங்கள், அந்தக் காசைக் கடைசிக்கு வைத்திருங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வீட்டில் உழைக்க ஆள் இல்லை, தகப்பன் இல்லை, நீங்கள்தான் மூத்த பிள்ளை என்றால் திறந்த பல்கலைக்கழகத்தைக் கீழாகப் பார்க்காதீர்கள். தெரிவுப் பரீட்சை எழுதி உள்ளே போக வேண்டும், யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வேலை செய்துகொண்டு அதில் படித்து வந்த ஒரு அக்கா இன்றைக்கு என்னோடு ஒரே மேசையில் இருக்கிறார், காணிச் சுற்றுநிருபங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம், எனக்குச் சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் திறக்க முன்னர் அவரைத்தான் கேட்கிறேன். ஒன்று மட்டும், பாதியில் விடுகிறவர்கள் அங்கே அதிகம். யாரும் உங்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள்.

அடுத்தது எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பது. பதினெட்டு வயதில் இதற்குப் பதில் தெரியாது, சரி, ஆனாலும் ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின் வாங்கில் இருந்து பாருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் போகலாம், ஒழுங்கான உடுப்புப் போட்டு ஃபோனை நிறுத்திவிட்டு இருந்தால் போதும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு காலைப் பொழுதில் கூப்பிடுகிற வழக்குகளைக் கேட்டால் வன்னிச் சட்டத்தரணியின் வயிற்றுப்பாடு எதில் என்று விளங்கும். பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம், பெயர் தாத்தாவில், தாத்தா இடம்பெயர்ந்த இடத்தில் செத்தார், பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பெயர், போட்டாரா இல்லையா தெரியாது, கடதாசி பங்கருக்குள் போனது. இடப்பெயர்வு காலத்தில் காணியை இன்னொருவர் பிடித்து வைத்திருந்து, இவ்வளவு காலம் இருந்ததால் அது தனக்கே என்று ஆட்சி உரிமை கோருகிறார், அதற்காகவே 2016இல் 5ஆம் இலக்கமாக ஒரு விசேட சட்டம் வந்தது. காணாமல் போன கணவரின் பெயரில் வங்கிக் கணக்கு. அப்புறம் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, கணவன் மனைவி கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தான தேடிய தேட்டம், காணியை விற்கும்போது பங்காளிக்கு உள்ள முன்வாங்கும் உரிமை.

இந்தக் கோப்புகளோடுதான் வாழப் போகிறேன் என்று தோன்றினால் யாழ்ப்பாணத்தில் படிப்பதற்கு ஒரு பெரிய இலாபம் உண்டு: கூடப் படிப்பவர்கள் எல்லாம் பிறகு வடக்கு நீதிமன்றங்களில்தான் இருப்பார்கள். மன்னாரில் ஒரு தவணை கேட்க வேண்டும் என்றால் ஒரு ஃபோன் போதும். கம்பனிச் சட்டம், சட்டமா அதிபர் திணைக்களம், மேன்முறையீடு என்று மனம் போனால் கொழும்புதான், அதில் இரண்டு பேச்சு இல்லை, மேல் மட்ட நீதிமன்றங்கள் எல்லாம் புதுக்கடையைச் சுற்றியே இருக்கின்றன, படிக்கும்போதே போய்ப் பார்க்கலாம். பேராதனை இரண்டுக்கும் நடுவில். சின்ன வகுப்பு, குளிர், அமைதி. போனவர்கள் யாரும் எனக்குக் குறை சொன்னதில்லை, ஆனால் எனக்கு நேரடியாகத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் கூட எழுதவில்லை.

சட்டத்தரணி ஆகாமலே பட்டத்தோடு நிற்கிறவர்களும் உண்டு, நிர்வாக சேவைப் பரீட்சை, வங்கி, அரசு சாரா நிறுவனம் என்று. அந்த எண்ணம் இருந்தால் நேரே சட்டக் கல்லூரிக்குப் போகாதீர்கள், உங்களுக்குப் பட்டம் தேவை. என் கையில் பட்டம் இல்லை, கறுப்புக் கோட் மட்டும்தான், சில விண்ணப்பப் படிவங்களில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

யாரிடம் விசாரிப்பது? என்னைப் போன்ற கிழடு தட்டத் தொடங்கியவர்களிடம் இல்லை. அங்கே இப்போது இறுதி வருடம் படிக்கிற ஒருவர், போன வருடம் சத்தியப்பிரமாணம் எடுத்த ஒருவர், இடையில் விட்டுவிட்டு வந்த ஒருவர், இந்த மூன்று பேரையும் பிடியுங்கள். மூன்றாவது ஆளைப் பிடிப்பது கஷ்டம், ஆனால் அவர் சொல்வதுதான் பெறுமதி. நல்ல இடமா என்று கேட்காதீர்கள், நல்ல இடம் என்றுதான் சொல்வார்கள். முதல் வருடத்தில் எத்தனை பேர் ஆங்கிலத்தால் விழுந்தார்கள், யார் கை கொடுத்தார்கள், போடிங்கில் தமிழ்ப் பிள்ளைக்கு இடம் கொடுக்கிறார்களா, பகிடிவதை எப்படி, பயிற்சிக்குச் சீனியரை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் இரவு எட்டு மணிக்கு நூலகத்தில் இருந்து எப்படித் திரும்புகிறீர்கள் என்று இன்னொரு பெண் பிள்ளையிடம் கேளுங்கள். தகப்பனின் பயத்துக்குப் பதில் அந்த ஒரு கேள்வியில் கிடைத்த வீடுகள் உண்டு.

என் அம்மம்மா கடைசி வரைக்கும் என்னை அப்புக்காத்து என்றுதான் சொன்னா. சட்டத்தரணிகளுக்குள் இருந்த அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பழைய பிரிவை 1970களிலேயே எடுத்துவிட்டார்கள், இப்போது எல்லோரும் சட்டத்தரணிதான் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. அதை விடுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது இரண்டு. ஓ.எல் சான்றிதழை எடுத்து ஆங்கில வரியையும் தமிழ் வரியையும் பாருங்கள். சட்டக் கல்லூரிக்கு இரண்டிலும் திறமைச் சித்தி, அதாவது சி, வேண்டும், ஏ.எல்லில் மூன்று பாடமும் பாஸ். ஆங்கிலத்தில் எஸ் மட்டும் என்றால் அடுத்த ஓ.எல்லுக்கு வெளிவாரியாக ஆங்கிலத்தை மட்டும் போடுங்கள், விண்ணப்பம் எப்போது என்று பரீட்சைத் திணைக்கள அறிவித்தலைப் பாருங்கள். இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல், ஏ.எல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பி, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 2008, 2009இல் ஓடுகிற ஓட்டத்தில் பிறந்து, பிறகு காலங்கடந்து பதிந்த பிள்ளைகளுக்கு தகப்பன் பெயரில் ஒரு எழுத்தாவது வித்தியாசம் இருக்கும். அதைத் திருத்துவதற்கு இப்போது நேரம் இருக்கிறது. சத்தியப்பிரமாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது முல்லைத்தீவுக்கும் கொழும்புக்கும் இடையில் சத்தியக் கடதாசியோடு ஓடிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், கோட் தைத்து வந்து அலுமாரியில் தொங்குகிறது, பெயர் மட்டும் சரிவரவில்லை.